ஒற்றைக் குச்சி

கச்சான் காற்று மண்டபம் ஜெட்டியை உலுக்குகிற நாளிலும்
ஒரே குச்சியில் பற்றவைப்பேன்.
முதுகைக் காற்றுக்குக் கொடுத்து
உள்ளங்கை இரண்டுக்கும் நடுவே
ஒரு நெருப்புக்கு மட்டும் இடமுள்ள அறை கட்டுவேன்.
ஐஸ் கம்பெனி கஸ்பார் கை, என்பார்கள் படகுப் பையன்கள்.
நாற்பத்தாறு வயதில் என்னிடம் இருந்த பெருமை அது ஒன்றுதான்.
சிரிக்கலாம் நீங்கள்.

விட்டும் இருக்கிறேன், பலமுறை.
தவக்காலத்தில் நாற்பது நாள்.
(ஈஸ்டர் பூசைக்குப் போகும்போதே
பையில் புதுப் பெட்டி இருந்தது.)
மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை ஒருமுறை.
மீன்பிடித் தடைக்காலம் முழுக்க, அறுபத்தொரு நாள், ஒருமுறை.
விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தன.
ஐஸ் கேட்டு ஆள் வரவில்லை.
நானும் கட்டிக் கிடந்தேன்.
அறுபத்திரண்டாம் நாள் விடியுமுன்
படகுகள் ஒன்றாகப் புகைவிட்டுக் கிளம்பியபோது
கரையில் நின்று நானும் கிளம்பினேன்.

அன்றே புரிந்திருக்க வேண்டும்.
தடைக்காலம் மீனைக் கொழுக்க வைக்கத்தான்.

அப்புறம் கணக்கு.
நாளைக்கு மூன்று. சாப்பாட்டுக்குப் பின் மட்டும்.
பிலோமியிடம் சொன்ன கணக்கு ஒன்று,
நூகு கடை நோட்டில் ஏறிய கணக்கு ஒன்று,
எனக்கு நானே சொல்லிக்கொண்டது
இரண்டிலும் சேராத ஒன்று:
நினைத்தால் விட்டுவிடுவேன்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
கண்டன்சர் பக்கம் அமோனியா கசிந்தது.
அந்த நெடிக்குச் செத்தவன் எழுந்து ஓடுவான்.
நான் ஸ்டூலில் உட்கார்ந்து
பிரஷர் நோட்டில் எண் எழுதிக்கொண்டிருந்தேன்.
ஒடிசாவிலிருந்து வந்து ஒன்பது நாளான பிஜய்தான்
கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தான்.
தமிழில் அதற்குச் சொல் தெரியாமல்
மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.
எனக்கும் மூக்கு இருந்தது. அவ்வளவுதான்.

ஈரத் துண்டை முகத்தில் கட்டி
வால்வை இறுக்கிவிட்டு வெளியே வந்து விழுந்தேன்.
இருமி இருமி எச்சிலில் உப்பும் ரத்தமும்.
அப்போது கை தேடியது தண்ணீரை அல்ல.

முதல் குச்சி அணைந்தது.
வாடைக்காற்று, கச்சானில் பாதிகூட இல்லை.
இரண்டு. மூன்று.
கை நடுங்கி அறைக்குச் சுவர் நிற்கவில்லை.
ஏழாவது பற்றியது.
பிஜய் தண்ணீர்ச் செம்போடு நின்று
ஏழையும் பார்த்தான்.

இருபத்திரண்டு வருடம் இந்த வேலை.
‘கொஞ்சம் கசிவு’ என்று ஒருநாளும் நோட்டில் எழுதியதில்லை.
கசிகிறது, அல்லது கசியவில்லை.
என் நெஞ்சுக்குள் மட்டும்
எத்தனை வருடமாய் எழுதி வந்திருக்கிறேன்,
கொஞ்சம், கொஞ்சம்.

அடிமை.
கோயிலில் மூன்று வேளை மணியடித்ததும்
கூச்சமில்லாமல் சொல்கிற சொல்தான்.
அன்று ராத்திரி என்னைப் பற்றிச் சொன்னபோது
நாக்கில் வரவில்லை.
இரண்டாம் முறை வந்தது.
சொன்னதும் தோளிலிருந்து ஏதோ இறங்கியது.
ஜெயிக்கத் தேவையில்லை இனி.
ஆடாமல் இருந்தால் போதும்.

காலையில் நூகு கடைக்குப் போனேன்.
‘எனக்கு ஒண்ணுன்னு ஒண்ணு கிடையாது நூகு.
ஒண்ணு கொடுத்தா ஒரு பெட்டி கொடுத்த மாதிரி.
நான் அடிமை. கேட்டாலும் கொடுக்காதே.’
அவன் நோட்டைப் புரட்டினான்.
‘அடிமையோ எசமானோ,
பாக்கி நூத்தியெழுபது.’

நான்கு மாதம். எண்ணக்கூடாது என்றுதான் எண்ணுகிறேன்.
இந்த வருடத் தடை முடிந்த விடியலில்
பையன் ஒருவன் தீப்பெட்டியை நீட்டினான்:
‘அண்ணே, கச்சான் பிச்சுக்கிட்டுப் போகுது.
உங்க கையால ஒண்ணு.’
கை தானாகக் குவிந்தது.
குவிவதை நான் பார்த்தேன்.
‘எனக்கு வராதுடா’ என்றேன்.
அவன் நம்பவில்லை. நானும்தான்.

நடந்தேன்.
கருவாட்டுக் களத்திலிருந்து வாடை வந்தது,
சரியாகக் காயாமல் கெட்டுப்போன காரல்.
குடலைப் புரட்டுகிற நாற்றம்.
நின்று
இன்னொரு மூச்சு இழுத்தேன்.