உப்பு உண்டு

வெள்ளி நைட்ரேட்டை ஒரு சொட்டு விட்டால்
கடல் பட்ட சாக்கு பால்போல் வெளுக்கும்.
மழை பட்டது சும்மா இருக்கும்.
எங்கள் வீட்டுச் சோறு
பதினெட்டு வருடமாக இந்தச் சொட்டில்தான் வேகிறது.

அண்ணன் பேரெழிலன் கணக்குப் பார்ப்பான்:
எத்தனை மூட்டை, எவ்வளவு தேறும்,
மிச்சம் யார் தலையில்.
அம்மா பாக்கி வைத்த கம்பெனிகளுக்குப் போன் போட்டு
முதலில் பிள்ளைகளின் பரீட்சையை விசாரிப்பாள்.
பூட்ஸ் மாட்டிக்கொண்டு கன்டெய்னருக்குள் போகிறவள் நான்.
விரல் நுனியெல்லாம் கறுப்பு.
எம்ஆர்டியில் ஒருத்தி, மருதாணியா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

பாண்டான் லூப், புதன்கிழமை.
தூத்துக்குடி மல்லி, நானூற்று இருபது மூட்டை.
சோமாஸ்கந்தன் மாமாவின் சரக்கு.
ஆன்சன் ரோட்டில் நாங்கள் முதல் அறை பிடித்தபோது
மூன்று மாத வாடகை கட்டியவர்.
கோப்பிப் பையை விரலில் தொங்கவிட்டபடி
வாசலிலேயே நின்றார்.
“கடல்தாம்மா பூந்திருச்சு. நீயே பாரு.”

பார்த்தேன்.
மேல் மூட்டை, நடு மூட்டை, கதவோரம்,
சொட்டு விழுந்த இடமெல்லாம் வெளுத்தது,
கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் சாட்சி மாதிரி.

பிறகு கதவைச் சாத்தச் சொல்லி
உள்ளே இருட்டில் நின்றேன்.
கூரையில் ஊசிமுனை வெளிச்சம்கூட இல்லை.
விளக்கைப் போட்டுப் பார்த்தால்
பலகையில் நீர்க்கோடு இல்லை, திருகாணியில் துரு இல்லை.
மூட்டையைக் கிழித்தேன்.
நடுவில் பூஞ்சை, கை பொறுக்காத சூடு,
புளித்த வைக்கோல் வாடை.
கப்பலேறும் முன்பே நனைந்த மல்லி
பன்னிரண்டு நாளாகத்
தன்னைத் தானே அவித்துக்கொண்டிருக்கிறது.
சரக்கின் சொந்தக் குணம் அது.
பாலிசி அதற்குக் காசு தராது.

ஃபோர்க்லிஃப்ட் ஓரம் ஷஃபிகுல்
கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
கேட்காமலே அதிலும் ஒரு சொட்டு விட்டேன்.
வெளுத்தது.
வியர்வைக்கும் வெளுக்கும்.
அது எனக்கும் தெரியும்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.

ஆய்வகம் வெள்ளிக்கிழமை எழுதியது:
மெக்னீசியம் காணோம், அயோடின் கூடுதல்.
“சமுத்திரத்தைப் பாக்கெட்டில் வாங்கியிருக்கிறார்”
என்றான் அண்ணன். சிரிக்கவில்லை.
வாடகை ரசீது மூன்றும்
அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
இன்றைக்கும் இருக்கின்றன.

“உப்பிட்டவரை” என்று தொடங்கிய அம்மா
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
பிரின்டர் ஓடிக்கொண்டிருந்தது.
அவர் இட்ட உப்பைத்தானே எழுதியிருக்கிறேன் என்றேன்.
சொன்ன பிறகு அந்தச் சாமர்த்தியம்
எனக்கே கூச்சமாக இருந்தது.

அறிக்கை, பக்கம் நான்கு:
உப்பு உண்டு. கடல் இல்லை.
கையுறை பற்றி ஒரு வரியும் இல்லை.
யார் ஊற்றியது என்று
காப்பீட்டுக்காரர்கள் கேட்கவுமில்லை.

தீபாவளிக்கு எப்போதும்போல் முறுக்கு டின் வந்தது.
இந்த முறை வாழ்த்துச் சீட்டு இல்லாமல்.
கோப்பு அலமாரிமேல் எட்டு நாள் கிடந்தது.
எடுக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை.
அம்மாதான் கடைசியில் மூடியை நெம்பி
ஒன்றை ஒடித்து வாயில் போட்டு
வெகுநேரம் மென்றாள்.

உப்பு கம்மி, என்றாள்.
இன்னொன்று எடுத்தாள்.