இடது கீழ் மூலை

ஏழு வருடமாக ஒரே வரைபலகை.
கறுப்பு, ஒரு சாண் அகலம், திரை கிடையாது.
கை மேசையில் ஓடும், கண் கணினியில் நிற்கும்;
இரண்டும் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை.

தக்கலையில், ரப்பர் ஷீட் எடுக்கும் கடைக்கு மேல்
என் அறை.
நான் வரையும் பனிமலைகளில் எல்லாம்
கீழிருந்து அந்தப் புகைவாடை ஏறும்.
நோர்வேக்காரனுக்கு அது தெரியாது.

பேனா முனை தேய்ந்தால் நாகர்கோவிலில் கிடைக்காது,
வரவழைத்தால் பத்து நாள்.
குளச்சலில் மீன்பிடிச் சாமான் கடையில்
இரண்டு மில்லிமீட்டர் தங்கூசி
மீட்டர் பன்னிரண்டு ரூபாய்.
"என்ன மீனுக்கு?"
"டிராகனுக்கு."
கடைக்காரர் சிரிக்காமல் அளந்து கொடுத்தார்.
நகவெட்டியால் நறுக்கி, தரையில் உரசிச் செருகினால்
மூன்று மாதம் உழைக்கும்.

போன இடவப்பாதியில், ஒரு இடியோடு,
இடது கீழ் மூலை செத்தது.
தீப்பெட்டி அளவு இடம்தான்.
அங்கே போனதும் கோடு ஊமையாகிவிடும்.
படத்தை நகர்த்தி வைத்து வரையலாம்தான்;
நகர்த்த நகர்த்தக் கணினி மூச்சு வாங்கும்,
எனக்குச் சோம்பலும் உண்டு.
அதனால் குதிரையை வலது பக்கம் ஒதுக்கினேன்,
அரக்கனின் காலை மூடுபனியில் விட்டேன்.
நோர்வேக்காரன் எழுதினான்,
உன் படங்களில் இப்போது மூச்சுவிட இடம் இருக்கிறது.
கூலியில் நூறு கூட்டினான்.
நான் மறுக்கவில்லை.

மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாகத் தேடினேன்.
பதின்மூன்று அங்குலமா பதினாறா,
அழுத்த நிலை எட்டாயிரமா பதினாறாயிரமா.
என் மணிக்கட்டுக்குத் தெரிந்தது நாலு:
தொடுவது, சாய்வது, அமுக்குவது, கோபம்.
முனைக்கும் கோட்டுக்கும் நடுவே
கண்ணாடி ஒரு மயிரிழை பொய் சொல்லும் என்றார்கள்.
எவ்வளவு விலை கொடுத்தால் எவ்வளவு பொய் குறையும்
என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன்.

"சின்னது போராதா?" என்றார் ஆன்சன்.
"ஒங்க ஆட்டோவுக்குச் சைக்கிள் டயர் போருமா?"
ஒன்றும் பேசாமல்
தவணைத் தாளில் தன் கையெழுத்தையும் போட்டார்.

பதினாறு வந்தது.
முதல் கோடு இழுக்கக் குனிந்தால்
படத்தின் நடுவில் என் கை கிடக்கிறது.
அப்பளம் பொரித்த எண்ணெய்த் தழும்பு,
சுண்டுவிரலில் காய்ப்பு.
ஏழு வருடம் வேலை பார்த்தவள்
இன்றைக்குத்தான் நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்,
சினிமாக் கொட்டகையில் முன்சீட்டுத் தலை மாதிரி.
எந்தப் பக்கம் சாய்ந்தாலும்
அவளுக்கு அடியில் இருப்பது தெரியவில்லை.
கழுத்து வேறு வலிக்கிறது.

பழையதை முட்டத்துப் பையன் லிகோரி
ஆயிரத்து இருநூறுக்கு எடுத்துக்கொண்டான்.
"ஒரு மூலை செத்துப்போச்சு கேட்டியா,
பொறவு சொல்லலேன்னு வந்து நிக்கப்பிடாது."
"எனக்கு இடங்கையாக்கும் அக்கா"
என்றபடி பலகையைத் தலைகீழாகத் திருப்பினான்.
பாதாளம் வானத்துக்குப் போய்விட்டது.
மிச்சமிருந்த தங்கூசி ஒரு முழத்தையும் நீட்டினேன்.
"இது எங்க வீட்டுல சவத்துப்போய்க் கெடக்கு" என்று
வாங்காமல் போனான்.

நேற்று அவன் படம் ஒன்று அனுப்பியிருந்தான்.
தூண்டில் வளைவுக் கல், மூணு வள்ளம்,
வலைக்கு மேலே சண்டை போடும் இரண்டு காக்கை,
எல்லாம் இடது பக்கமாக நெருக்கியடித்து.
மேலே வலது மூலை
வெள்ளையாக அப்படியே.
மேகமா, மறதியா என்று கேட்கவில்லை.

என் திரையில் இன்று அனுப்பவேண்டிய படம்.
கோட்டை, பாலம், பாலத்தில் தயங்கும் பெண்.
இடது கீழ் மூலையில் ஒன்றுமே இல்லை.
பேனாவைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன்.
உடனே வந்தது கோடு,
எந்தத் தயக்கமும் இல்லாமல், கறுகறுவென்று.
சற்று நேரம் பார்த்தேன்.
அழித்துவிட்டு
அனுப்பினேன்.