இரண்டு, அல்லது சற்று மேல்

லூனன்பர்க் துறைமுகத்தில் பனி ஈரமாகப் பெய்கிறது.
மீன்கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
ஆர்டிஸ் கோர்க்கம் கேட்கிறாள்:
'ஹாடக் ஒரு கப்பிள் கொடு.'

கடைக்குப் புதிய பெண். கையுறை அவளுக்குப் பெரிது.
இரண்டு மீனை எடுத்துத் தராசில் வைக்கிறாள்.
அகராதிப்படி அவள் செய்தது சரி.

ஆனால் இந்த ஊரில்
'கப்பிள் நிமிஷம்' என்று வெளியே போன பிளம்பர்
அடுப்பில் வைத்த சூப் வற்றும்வரை வருவதில்லை.
'கப்பிள் பீர்தான் குடித்தேன்' என்பவனிடமிருந்து
மனைவி கார்ச் சாவியை வாங்கி வைத்துக்கொள்கிறாள்.
கப்பிள் டாலர் குறைகிறது என்றால்
ஐந்து வரை யாரும் முகம் சுளிப்பதில்லை.
தேவாலயத்தில் மோதிரம் மாற்றும்போது மட்டும்
அந்தச் சொல் கறாராக இரண்டு.

நம்முடைய ஓரிருவுக்கு
ஒரு கால் ஒன்றிலேயே நிற்கிறது;
குறைந்தாலும் குற்றமில்லை.
இது இரண்டில் தொடங்கி
மேல்பக்கமாக மட்டும் கசிகிற சொல்.

கசிவு என்றாலே பர்னெலுக்கு ஆகாது.
முப்பத்தோரு வருஷம் ஹாலிஃபாக்ஸ் ரயில் யார்டில்
பெட்டிகளைக் கோத்தவன்.
கோப்பதற்கும் அங்கே அதே சொல்தான்.
'இந்தப் பெட்டி, அந்தப் பெட்டி, நடுவில் கொக்கி.
கப்பிள் என்றால் அவ்வளவுதான். இரண்டு.'
ஆர்டிஸ் மூன்று உருளைக்கிழங்கை
மேஜையில் வரிசையாக வைத்தாள்.
'மூன்று பெட்டிக்கு எத்தனை கொக்கி?'
'இரண்டு.'
'அப்புறம் என்ன? மூன்றுக்குள்ளேயும் கப்பிள் இருக்கிறதே.'
ஒரு வாரம் யோசித்தான்.
பிறகு பல் துலக்கிக்கொண்டே வந்து சொன்னான்:
'உருளைக்கிழங்குக்குக் கொக்கி கிடையாது.'

பிரிட்ஜ்வாட்டர் மருத்துவமனையில் டாக்டர்
ஃபைலை மூடிவிட்டுச் சொன்னார்,
'கப்பிள் வாரங்கள்.'
வீட்டுக்கு வந்ததும் பர்னெல்
காலண்டரில் பதினான்கு கட்டம் எண்ணி
பென்சிலால் ஒரு கோடு இழுத்தான்.
அவன் தூங்கியபின் ஆர்டிஸ் ரப்பர் தேடினாள்.
கிடைத்தது. அழிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் காலை கண் திறந்து
ஜன்னலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்,
'உன் உருளைக்கிழங்குக் கணக்குதான் சரி போல' என்றான்.

அதற்குமேல் பதினொரு நாள்.
முட்டை கேட்டான். சீட்டாட்டத்தில் ஏமாற்றினான்.
ஒரு சொல்லின் கவனக்குறைவுக்குள்
இருவரும் வாடகையில்லாமல் குடியிருந்தார்கள்.
கடைசி மூன்று நாள் அவனுக்கு வேண்டாம் என்றிருந்தது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

'இரண்டு, சரிதானே?' என்கிறாள் கடைப்பெண்.

இத்தனை வருஷமும் இந்தக் கடையில்
ஆர்டிஸின் கப்பிள் மூன்று:
அவனுக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று.
பழைய ஆள் கேட்காமலே போடுவான்.
தராசின் சிவப்பு எண்கள் இன்னும் நிலைகொள்ளவில்லை.
பின்னால் வரிசையில் யாரோ இருமுகிறார்கள்.

மனதுக்குள் கழித்துப் பார்க்கிறாள்.
ஒன்று என்று வருகிறது.
ஒன்றைக் கேட்க
அந்தச் சொல்லில் இடமில்லை.

'இன்னொன்றும் போடு' என்கிறாள்.