மேற்கு வளைவு

ஏலச்சீட்டு எடுத்த பணத்துக்கு
நங்கையா வந்து கேட்டாங்க:
"எத்தனை பவுனுங்க?"
"ரெண்டே முக்கால் கிலோ" என்றேன்.
பித்தளை, எஃகு, கொஞ்சம் செம்பு.
பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு
காப்பியைப் பாதியில் வைத்துப் போனாங்க.

ஆவாரம்பாளையத்தில் பட்டறை.
பகலெல்லாம் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைகிற லேத்து
ஏழு மணிக்குமேல் எனக்கு.
அந்தக் கரண்டுச் செலவை
என் பேரில் தனியாக எழுதிவிடுவேன்.
கணக்கு எழுதுவதும் நான்தான்.

எங்கோ ஒரு குளிர்தேசத்தில்
ஒருவன் வரைந்த என்ஜின் இது.
நாற்பத்தைந்து மில்லிமீட்டர் தண்டவாளம்.
எங்கள் தண்ணீரைப் பற்றி
அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
போர்த்தண்ணி ஊற்றிய முதல் வாரமே
நீர்மட்டக் கண்ணாடியில் வெள்ளை படர்ந்தது.
அப்புறம் சிறுவாணிதான்,
எட்டு நாளைக்கு ஒருதரம் வருவதில்
இருநூறு மில்லி.
"குடிக்கிற தண்ணியவா?" என்றார் சென்னியப்பன்
(நேரில் பேர் சொல்ல மாட்டேன்),
சொம்பைக் கீழே வைக்காமல்.
"அதுவும் குடிக்கத்தானுங்க கேக்குது."

முதலில் அதன் வேகத்தை அடக்க வேண்டியிருந்தது.
வந்த புதிதில்
சத்தி ரோட்டு மினிபஸ் மாதிரி ஓடி
மொட்டைமாடி வளைவில் கவிழ்ந்து
காயப்போட்ட வடகத்தில் விழுந்தது.
நீராவி போகும் துளையை
ஒன்றரை மில்லியிலிருந்து ஒன்றுக்குச் சுருக்கினேன்.
எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றி எறிந்து
ஊசி வால்வோடு ஒன்று கடைந்து வைத்தேன்.
பச்சையைச் சுரண்டிக் கறுப்பு அடித்தேன்.
வெயிலில் உரிந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் சின்னதாக்கலாம்,
சக்கரத்தை, திருகாணியை, ஓட்டுநர் அறைக் கதவை.
தண்ணீரை முடியாது.
கல்யாண அண்டாவில் என்றாலும்
இந்த ஒரு தம்ளரில் என்றாலும்
அழுத்தம் ஏறும்முன், எங்கள் ஊர் உயரத்தில்,
தொண்ணூற்றெட்டரை டிகிரிதான்.
கொப்புளமும் அப்படியே.
என் ஆள்காட்டி விரலில் இருப்பது
முழு அளவு.

ஆனி பிறந்தது.
பாலக்காட்டுக் காற்று கணவாய் வழியே
நேராக எங்கள் மாடிக்கு வந்தது.
தண்ணித்தொட்டியைச் சுற்றிக் கிழக்கே போகும்வரை சரி.
மேற்கு வளைவில் திரும்பியதும்
பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதுகிற குழந்தைபோல
பர்னரை ஊதி அணைத்துவிடும்.
மூன்று வாரம், அதே இடம், அதே துணிக்கொடியின் கீழ்.

ஒருநாள் தலை நிமிர்ந்தால்
சென்னியப்பன்,
வேட்டி படபடக்க,
பிளைவுட் பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு
வளைவில் நிற்கிறார்.
அவர் எதுவும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அன்றைக்கு நான்கு சுற்று.

ஆனாலும்
ஆளை நிறுத்தி ஓட்டுவது ஒரு ஓட்டமா?
கடலெண்ணெய் டின்னை வெட்டி
பர்னருக்குப் பாவாடை கட்டினேன்.
துளை சின்னதென்றால் மூச்சுமுட்டி அணைந்தது,
பெரிதென்றால் காற்று உள்ளே வந்து அணைத்தது.
பதினேழாவது தகரம்:
இரண்டு மில்லி, கீழ்நோக்கி, சாய்வாக.
டின்னில் அச்சடித்த நிலக்கடலை
வலப்பக்கச் சக்கரத்துக்குப் பின்னால்
பாதி தெரிகிறது இப்போதும்.

நேற்று ஞாயிறு.
முள் மூன்றைத் தொட்டதும் திறந்துவிட்டேன்.
தையல் மிஷின் சத்தத்தோடு தொட்டியைச் சுற்றியது.
மேற்கு வளைவு.
சுடர் படுத்தது.
எழுந்தது.
பதினோரு சுற்று. தண்ணீர் தீர்ந்துதான் நின்றது.

"இனிமேட்டுக்குப் பலகை வேண்டாமுங்க" என்றேன்.
"இருக்கட்டும்" என்றார்.
விரல் பொறுக்கும் சூடு ஆறி,
இன்னொரு இருநூறு மில்லியை நான் அளந்து ஊற்றி,
முள் மறுபடி ஏறும்வரை
அங்கேயே நின்றார்,
முதுகு பாலக்காட்டுக்கு,
முகம் என்ஜின் வருகிற பக்கம்.