வேர்முத்து

பொவ்ரெஸில் உலர்த்தும் கொட்டகை.
பரணெங்கும் தலைகீழாய்த் தொங்கும் கட்டுகள்,
சாம்பல் படிந்த பச்சை.
கயிறறுத்து இலை உருவுவது என் வேலை.
விரல் தவறி உதட்டில் பட்டால்
மத்தியானச் சோறு கசக்கும்,
மறுநாள் தேநீரும்.

அப்சாந்த் என்பார் முதலாளி பெரன்ஜாக்கே.
கிரேக்கத்தில் 'குடிக்க ஒண்ணாதது' என்று அர்த்தமாம்.
யாரோ சொன்னது, யாரும் சத்தியம் செய்யவில்லை.
சொல்லிவிட்டு ஒரு மிடறு குடித்தார்.

பேர்னிலிருந்து வரும் லொறிக்காரன் உர்ஸ்
வேர்மூட் என்றான்.
வேர் என்றால் ஆண், மூட் என்றால் துணிவு என்று
நெஞ்சில் தட்டிக்கொண்டான்.
அதெல்லாம் பிறகு ஒட்டிய கதை என்றாள்
கணக்கெழுதும் ஒதெத்.
அவன் ஒட்டியதை உரிக்கவில்லை.

ஆங்கிலத்தில் புழுமரம்.
இரண்டு கட்டு பிரித்துப் பார்த்தேன்.
புழுவுமில்லை, மரமுமில்லை.

என் காதில் விழுந்தது வேர்முத்து.
அர்த்தமில்லாவிட்டால் என்ன,
கேட்க நன்றாயிருக்கிறது.

உங்கள் மொழியில் என்ன, என்றார் முதலாளி.
கசக்கி மணந்து பார்த்தேன்.
மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.
மாலையில் ரோஜாவுக்கிடையே செருகுவோம்,
குடிப்பதில்லை.
மரி? எங்கள் மரியாளா?
இல்லை, மரி என்றால் செத்துப்போ.
அவர் முகம் சுண்டியது.
கைபேசியில் அகராதியைத் திறந்து
'மரு, வாசனை' என்று திருத்துவதற்குள்
மரியாளை அவர் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

என்னையும் அப்படித்தான்.
அட்டையில் முன்பின் மாறிப்போய்
இங்கே நான் மதாம் அருளம்பலம்.
கடல் தாண்டாத அப்பாவை
நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுகிறார்கள்.
நான்தான் 'உய்' என்கிறேன்.

தொண்ணூற்றைந்து வருடம் தடை இருந்ததாம்.
அப்போது இதற்குப் பெயரே கிடையாது.
அவர் சித்தி வீட்டுப் பின்கதவில்
'பால் இருக்கா' என்று கேட்பார்களாம்.
பொலிஸ்காரரும் பால்தான் கேட்டாராம்.

சனிக்கிழமை புதுச் சரக்கு.
கிண்ணத்தில் கண்ணாடிபோல் கிடந்ததில்
சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்டார்.
தெளிந்த தண்ணீர் தெளிந்ததில் விழ
இரண்டும் கலங்கி
வெள்ளையாய் எழுந்தது.

பீப்பாயில் சுண்ணக்கட்டியால்
மரி என்று அவர் எழுத்தில் எழுதினார்.
கட்டியை வாங்கி அதன் கீழே
என் எழுத்தில் நானும் ஒன்று எழுதினேன்.

என்ன எழுதினாய்?

பால், என்றேன்.