அரை மணித்தியாலக் கணக்கு

பொன்ஜீன் வீதியில்
போட்டோக்கொப்பியும் பிளேன் ரிக்கற்றும்
ஒரே மேசையில் விற்கிற எங்கள் கடைக்கு
டெல்சி வந்தது விலை கேட்க இல்லை.
"மாலே எவ்வளவு தூரம் அண்ணே?"

எழுநூற்றெழுபது கிலோமீற்றர், ஏறக்குறைய.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
கட்டுநாயக்காவில் ஒரு புள்ளி,
பிறகு கடல்,
கடல்,
அதற்குப் பிறகு ஈர் அளவில் இன்னொன்று.
ஒன்றரை மணித்தியாலம்.
ஜூஸ் கொடுத்த கையே
கப்பைத் திருப்பி எடுக்க வரும்போது
இறங்க ஆயத்தமாகச் சொல்லிவிடும்.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.
நாலாய் மடித்து, மடிப்பில் மை உரிந்த
எமிலின் பயணச்சீட்டு.
நான்தான் அச்சடித்துக் கொடுத்தது.

"இதில புறப்படுறது ஏழு பத்து.
போய்ச் சேருறது எட்டுப் பத்து.
மற்ற அரை மணித்தியாலம் எங்க?"

எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன்:
அங்கே மணிக்கூடு அரை மணி பின்னுக்கு.
போகையில் லாபம்.
வருகையில் அதைத் திருப்பிக் கட்டவேணும்;
ஏழு ஐம்பதுக்கு ஏறினால்
இறங்க ஒன்பது ஐம்பது என்று காட்டும்.

சுவர்க் கலண்டரைக் கொஞ்சநேரம் பார்த்து நின்றாள்.
"பதினாலு மாசம்.
அப்ப அந்த அரை மணித்தியாலம்
இன்னும் அவரிட்டத்தான் கிடக்கு."

முதலாளி சிரித்தார்.
நான் சிரிக்கத் தொடங்கி
பாதியில் விட்டேன்.

சாந்த லூசியா கோவிலில் பன்னிரண்டு அடித்தது.
அங்கே பதினொன்றரை.
ஏதோ ஒரு ஹோட்டல் குசினியில்
எமில் வெங்காயம் உரித்து முடித்திருக்க மாட்டான்.

"அவருக்கு வேலை விடுறது எட்டரைக்கு," என்றாள்,
"எங்கட ஒன்பது.
பிள்ளை எட்டேமுக்காலுக்கு நித்திரையாயிடும்.
அடிச்சு எழுப்பேலுமா, சொல்லுங்க."

எனக்கு எழுநூற்றெழுபது தெரியும்.
ஒன்றரை தெரியும்.
இருபது கிலோ, கைப்பை ஏழு கிலோ,
திகதி மாற்ற எவ்வளவு கழியும், எல்லாம் தெரியும்.
இந்தப் பதினைந்து நிமிடத்துக்கு
எந்தக் கொம்பனியும் சீற் போடுவதில்லை.

இரண்டு பேருக்கு என்ன விலை வரும் என்று
கேட்பாள் என நினைத்தேன்.
கேட்கவில்லை.
"இதில ஒரு கொப்பி எடுத்துத் தாங்க,
எழுத்து அழியுது."

மூடியைச் சாத்தினேன்.
பச்சை வெளிச்சம்
ஏழு பத்திலிருந்து எட்டுப் பத்துக்கு
ஒரே இழுப்பில் போனது.
தாள் சூடாக வந்தது.
இருபது ரூபாய் வைத்தாள்.
முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால்
வாங்கிப் போட்டேன்.

பின்னேரம் கடை பூட்டி
தெகிவளைக்கு பஸ் எடுத்தேன்.
கோட்டையில் நின்றோம், கொள்ளுப்பிட்டியில் நின்றோம்,
ஆட்டோவும் வானும் ஒன்றையொன்று திட்ட
பம்பலப்பிட்டியில் நின்றபடியே நின்றோம்.
இந்நேரத்துக்கு
மாலேயில் பெட்டி எடுத்து வெளியே வந்திருக்கலாம்.

முன்னால் நின்றவரின் கையில் மணிக்கூடு.
எட்டரை.
அவளுடைய பிள்ளைக்கு
இன்னும் கால் மணி இருந்தது.