ஒரு மணி நேரம்

காரைக்குடியில் கடைக்குக் கடை என்னைத் தெரியும்.
தேவகோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

"நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பதுண்டா?"
டாக்டர் மூன்று தரம் கேட்டார்.
இல்லை என்றேன், மூன்று தரமும்.
"ஆசை தொட்டால் குழாய் தளரும், ரத்தம் வரும்.
வந்த வேகத்தில் மடையை அடைக்க
ஒருவன் ஓடிவருவான், ஊருணிக் காவலாள் மாதிரி.
அவனை இது கொஞ்சம் உட்கார வைக்கும், சாத்தப்பன்.
மழை உங்கள் பாடு."

விழுங்கிவிட்டுக்
கடிகாரம் பார்த்துக் கிடக்கிறேன்.
மூக்கடைப்பு. காது சுடுகிறது.
மற்றபடி ஒன்றுமில்லை.

விளக்கணைக்க வந்த உண்ணாமலை
"தேவகோட்டையில என்ன சோலி?" என்றாள்.
சொல்லிவிட்டேன்.

கட்டில் குலுங்கச் சிரித்தாள்.
"மீசைக்கு டை அடிச்சப்பவே நினைச்சேன்."
காதைத் தொட்டாள், சூடு பார்க்க.
பாத்திரம் கழுவிய ஈரம்
விரலில் இன்னும் இருந்தது.